கத்திரிக்குப் பயந்த செடி

தொட்டிச்செடி வளர்ப்புப் புத்தகங்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளிர்தேசத்துக்காரர்கள். அவர்கள் கதையில் ஒரே ஒரு வில்லன்தான்: பனி. செப்டம்பர் முடிந்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து நடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். "முதல் உறைபனிக்கு முன் ஜெரேனியத் தொட்டிகளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்" என்று தடித்த எழுத்தில் எச்சரிப்பார்கள். ஆம்பூரில் முதல் உறைபனி விழுந்தால் நாங்கள் தொட்டியை உள்ளே எடுக்கமாட்டோம். குடும்பத்தோடு வெளியே வந்து செல்ஃபி எடுப்போம்.

எங்கள் வில்லன் வேறு. ஏப்ரல் பிறந்ததும் பத்திரிகைகளில் ஒரு பெட்டிச் செய்தி வர ஆரம்பிக்கும்: 'வெயில் சதமடித்த ஊர்கள்.' நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் சதம். அந்தப் பட்டியலில் வேலூர் பெயர் இல்லையென்றால் அச்சுக்கோளாறு என்று நினைத்துக்கொண்டு அடுத்த பத்திரிகையைப் புரட்டுவோம். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கி 28 வாக்கில் முடியும் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. எங்கள் வெயிலுக்குப் பஞ்சாங்கம் படிக்கிற வழக்கம் இல்லை. பங்குனியிலேயே வந்து உட்கார்ந்துவிடும். ஆடி வரை எழுந்திருக்காது. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் வாங்கிவைத்த சூட்டை ராத்திரி வட்டியோடு திருப்பித் தருகிற நாணயமான மலைகள்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். 1981இல் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் லிங்கத்தை மறுபடி பிரதிஷ்டை செய்துவிட்டதால் பட்டியலில் ஓர் இடம் காலியானது. அந்த இடத்துக்கு என் மொட்டை மாடியை விண்ணப்பித்திருக்கிறேன்: பூ இல்லாத தொட்டி.

ஜெரேனியம் எங்கள் வீட்டுக்கு வரக் காரணம் ஷூ. ஆம்பூரில் எதற்குமே மூலகாரணம் தேடிப் போனால் கடைசியில் ஒரு ஷூ கம்பெனி வாசலில்தான் போய் நிற்பீர்கள். விடிகாலையில் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி வரும் ஊர் இது. நான் அப்படி ஒரு கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கிற பிரிவில் இருந்தேன். அங்கே தரம் பார்க்க ஜெர்மனியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வருவார். அப்பரில் ஒரு தையல் மயிரிழை கோணினாலும் மொத்த லாட்டையும் ஒதுக்கிவைக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி காபி குடிப்பார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் செல்போனை எடுத்துத் தன் வீட்டுப் பால்கனியைக் காட்டினார். கம்பிக்கு மேலே, கம்பிக்குக் கீழே, கம்பியே தெரியாமல் சிவப்புச் சிவப்பாகப் பூ. மனிதருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

"இது வருஷம் பூராவும் பூக்குமா?" என்று கேட்டேன்.

"இல்லை. ஆறு மாதம் பால்கனியில், ஆறு மாதம் நிலவறையில்" என்றார். அக்டோபரில் செடியை மூன்றில் ஒரு பங்காக வெட்டி, ஐந்து முதல் பத்து டிகிரி குளிர் இருக்கிற நிலவறையில் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை நாக்கு நனைகிற அளவு தண்ணீர் காட்டினால் போதுமாம். மார்ச்சில் வெளியே எடுத்தால் துளிர்க்குமாம். இன்னும் சில வீடுகளில் தொட்டி மண்ணையே உதறிவிட்டுச் செடியைத் தலைகீழாக உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்களாம். வசந்தம் வந்ததும் இறக்கி, தண்ணீரில் ஊறவைத்து, நட்டால் பிழைத்துக்கொள்ளுமாம்.

இதே காரியத்தை ஆம்பூரில் செய்தால் மூன்றாம் நாள் அது கருவாடு. நாலாம் நாள் பூனை வந்து விசாரிக்கும்.

ஓய்வு பெற்ற ஆம்பூர்க்காரருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாட்டைத் திருத்துவது. இன்னொன்று, மொட்டை மாடியில் தொட்டி வைப்பது. பெஞ்சில் எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தபடியால் நான் மாடிக்குப் போனேன். ஜெர்மன்காரரின் பால்கனி மனசில் இருந்தது. பெங்களூரில் ஒரு நர்சரியில் சிவப்பு, ரோஸ், தொங்கு ரகம் என்று வாங்கினேன். கூடவே இலையில் வாசனை வருகிற ஒன்றும். "சாகவே சாகாது சார், ரொம்ப ஈஸி" என்றார் நர்சரிக்காரர். அவர் சொன்னது பொய் இல்லை. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே, வருஷம் முழுவதும் இயற்கையே ஏசி போட்டுவைத்திருக்கிற ஊரில் நின்றுகொண்டு சொன்னார். அங்கே நானேகூடப் பூத்திருப்பேன்.

லால்பாக் எக்ஸ்பிரஸில் தொட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தோட்டத்தின் பெயர் வைத்த ரயிலில் செடி கொண்டுவருவதைவிடப் பொருத்தம் வேறென்ன? ஆனால் அந்த ரயிலுக்கு ஒரு குணம்: பெங்களூரிலிருந்து கிளம்பினால் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். பங்காரப்பேட்டையில் ஜன்னல் காற்று ஜில்லென்றிருக்கும். ஜோலார்பேட்டையில் பக்கத்து சீட்டுக்காரர் மேல்பட்டனைக் கழற்றுவார். ஆம்பூருக்கு வந்தால் ஏறத்தாழ 600 மீட்டர் இறங்கியிருப்போம். செடிக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் வியர்த்தது.

வீட்டில் என் மனைவி தொட்டிகளைச் சுற்றிவந்து பார்த்தாள். தமிழ் வீட்டில் ஒரு பூ நுழைய வேண்டுமென்றால் மூன்று பரீட்சைகளில் ஒன்றிலாவது தேற வேண்டும்.

"தலைக்கு வைக்கலாமா?"

"கூடாது. காம்பு தடிமன். தொட்டாலே இதழ் உதிரும்."

"சாமிக்கு?"

"எந்த சாமியும் கேட்டதாகத் தெரியவில்லை."

"கஷாயம், ரசம், எதுக்காவது?"

"இல்லை."

"அப்ப எதுக்கு?"

"பார்க்க."

"அந்த இடத்துல இலவம்பாடி முள்ளுக்கத்திரி நாலு வச்சிருந்தா எண்ணெய்க் கத்திரிக்காயாவது ஆகியிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள். அவள் வாதத்தில் ஓட்டை இல்லை. எங்கள் பக்கத்து முள்ளுக்கத்திரிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள அதைவிட்டால் வேறு காய் இந்த ஊரில் செல்லுபடியாகாது. தவிர அது இதே வெயிலில் இதே மண்ணில் நிமிர்ந்து நின்று காய்க்கிற செடி; யாரும் அதை நிலவறையில் வைத்துத் தாலாட்டுவதில்லை.

எனக்குக் கிடைத்த ஒரே ஆதரவு பக்கத்து வீட்டு பாய். மாலை நேரம் மாடிச்சுவரில் கையூன்றி நின்று, வாசனை ரகத்தின் இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். "இன்னா சார் இது? ரோஜா அத்தர் வாசனை வருது!" என்றார். அவர் மூக்கைச் சந்தேகப்பட முடியாது. நல்ல நாள் பெரிய நாளில் காதுமடலில் அத்தர் பஞ்சு வைக்காமல் அவர் வெளியே கிளம்பியதில்லை. விஷயமும் உண்மைதான். ரோஜா எண்ணெயில் மணத்துக்குக் காரணமான சிட்ரோனெல்லால், ஜெரானியால் இரண்டும் இந்த இலையிலும் உண்டு. அதனால்தான் ரோஜா எண்ணெய்க்குக் கட்டுப்படியாகாத வாசனைக்காரர்கள் ஜெரேனிய எண்ணெயைப் பிடித்துக்கொண்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இதை ஏற்காட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு நீலகிரியும் கொடைக்கானலும் சேர்ந்துகொண்டன. கவனியுங்கள்: ஏற்காடு, நீலகிரி, கொடைக்கானல். எல்லாம் மலை. பிரெஞ்சுக்காரர்களுக்கு மூளை இருந்தது. வேலூர்க் கோட்டை பக்கம் ஒருவரும் ஜெரேனியத்தோடு வரவில்லை.

தாவரவியலார் இந்தத் தொட்டிச்செடியைப் பெலார்கோனியம் என்பார்கள். 1789இல் ஒரு பிரெஞ்சுத் தாவரவியலார் இதை ஜெரேனியம் என்கிற பேரினத்திலிருந்து தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டார். நர்சரிகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. அங்கே இருந்து ஐரோப்பாவுக்குப் போன கதையில் நம் ஊருக்கும் ஓர் ஓரப் பங்கு உண்டு. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் 1613இலேயே கோட்டை கட்டியது. அத்தனை தூரம் வருகிற கப்பல்கள் வழியில் தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டுமென்று 1652இல் நன்னம்பிக்கை முனையில் குடியேறினார்கள். அங்கே பாறையிடுக்கில் கிடந்த இந்தச் செடிகளைப் பார்த்து மயங்கி, ஹாலந்துக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். தொங்கு ரகத்தை 1700இல் அனுப்பிவைத்தவர் அங்கே ஆளுநராக இருந்த வில்லெம் அட்ரியான் வான் டெர் ஸ்டெல். கிழக்கே வருகிற கப்பலிலும் ஒரு தொட்டியை ஏற்றியிருந்தால் ஜெரேனியம் தமிழ்நாட்டில் முந்நூறு வருஷப் பழம்பெருமை பேசியிருக்கும். இல்லை, முதல் சித்திரையோடு பேச்சு நின்றிருக்கும்.

எனக்கும் இந்தச் செடிக்கும் இன்னொரு தூரத்து உறவும் உண்டு. தோல் பதனிட எங்கள் பக்கத்தில் ஆதியில் பயன்பட்டது ஆவாரம்பட்டை. பிறகு, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், வாட்டில் மரப்பட்டை கப்பல் கப்பலாகச் சென்னை மாகாணத்து டேனரிகளுக்கு வந்தது. எங்கிருந்து? தென்னாப்பிரிக்காவிலிருந்து. ஆக, அந்த தேசத்திலிருந்து தோலுக்குப் பட்டை வரவழைத்த ஊர் பூவுக்கு ஒரு செடி வரவழைத்ததில் என்ன தப்பு என்று மனைவியிடம் கேட்டேன். "பட்டையால நாலு பேருக்குச் சம்பளம் வந்துச்சு" என்றாள்.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று பழமொழி வேறு இருக்கிறது. பாலாற்றங்கரைப் பொட்டலில், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல், அந்த ஆவாரை தங்கநிறத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும். மேலே என் மாடியில் குடை, சாக்கு, பூவாளி, கவனிப்பு எல்லாம் இருந்தும் ஜெரேனியம் சாவார் பட்டியலில் முதல் பெயராக இருக்கும். ஆவாரையைத் தொட்டியில் வைத்துப் பெருமைப்பட முடியாது என்பதுதான் அதனிடம் இருக்கிற ஒரே குறை. இலவசமாகக் கிடைக்கிற எதையும் தொட்டியில் வைக்க மனிதனுக்கு மனசு வராது.

ஜெர்மன்காரர் சொன்னதையும் புத்தகத்தில் இருந்ததையும் எழுதி வைத்துக்கொண்டு யோசித்தேன். குளிர்காலத்தைத் தாண்டவைக்கிற வித்தை என்கிறார்களே, அதில் குளிருக்கு அத்தனை முக்கியத்துவம் இல்லை. செடிக்கு ஆகாத காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் அதை வளரச் சொல்லிப் படுத்தாமல், பூக்கச் சொல்லிக் கெஞ்சாமல், உயிரை மட்டும் பிடித்து வைத்திருப்பதுதான் வித்தை. ஜெர்மனியில் அந்தக் காலம் ஐப்பசி முதல் மாசி வரை. எங்களுக்குப் பங்குனி முதல் ஆவணி வரை. எனவே புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். அக்டோபர் என்று போட்டிருந்தால் மார்ச் என்று படித்தேன். நிலவறை என்றால் மாடிப்படிக்கு அடி. பனி என்றால் வெயில். "கதகதப்பான ஜன்னலோரம்" என்று வருகிற பக்கங்களை ஒட்டுமொத்தமாகக் கிழித்துவிடலாம்.

இதற்கு அசல் சாட்சி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி இறங்கும். அங்கே தொட்டியை ராத்திரி வராந்தாவுக்குள் இழுத்துவைப்பார்கள். அதே மார்கழியில் வேலூர்ப் பக்கம் விடிகாலையில் 17, 18 டிகிரி. வாசலில் கோலம் போடுகிற பெண்கள் சால்வை போர்த்தியிருப்பார்கள், ஆண்கள் காதில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு ஏதோ இமயமலைக்குப் பால் வாங்கப் போவதுபோல் போவார்கள், என் ஜெரேனியம் மட்டும் "அப்பாடா, வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது" என்று குடை குடையாகப் பூக்கும். ஒரே மாநிலம், ஒரே மாதம். அங்கே ஒளித்துவைக்கிறார்கள், இங்கே காட்டிக்கொள்கிறோம்.

ஆகவே ஆம்பூர் ஜெரேனியப் பஞ்சாங்கம் இப்படிப் போகிறது. புரட்டாசியில் குச்சி வெட்டலாம். விரல் நீளத்துக்கு, பூக்காத கிளையில், கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டி, கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு ராத்திரி நிழலில் வைத்து வெட்டுவாயைக் காயவிட வேண்டும். வேறு செடிக்காரர்கள் குச்சியை வெட்டியதும் தண்ணீரில் போடத் துடிப்பார்கள்; இதற்கு அது ஆகாது. அழுகும். காய்ந்த குச்சியை ஆற்றுமணல் கலந்த செம்மண்ணில் ஊன்றினால் மூன்று நாலு வாரத்தில் வேர் பிடிக்கும். ஆற்றுமணல் எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். தண்ணீரில்லாத ஆறு ஊருக்குப் பக்கத்தில் ஓடியும் வீடு கட்டுகிறவர் வாசலில் இறங்கிய குவியலைப் பார்த்து இளிக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழை வரும்போது தொட்டியைக் கூரைக்கு அடியில் தள்ள வேண்டும். கார்த்திகை தீபத்துக்கு மொட்டு. மார்கழியிலிருந்து மாசி வரை பூ. அந்த மூன்று மாதத்தில் வீட்டுக்கு வருகிற உறவினர்களை எப்படியாவது மாடிக்கு ஏற்றிவிடுவேன். மூட்டுவலி என்று சொன்னவர்களையும்.

பங்குனி பிறந்ததும் கத்தரியை எடுத்து, பூவோடு இருந்தாலும் இரக்கம் பார்க்காமல், பாதிக்கு வெட்டிவிட வேண்டும். ஜெர்மன்காரர் அக்டோபரில் செய்வதுதான் இது. காலை வெயில் ஒன்பது மணி வரை படுகிற கிழக்குப் பக்கம், மற்ற நேரம் நல்ல வெளிச்சமுள்ள நிழல்: இதுதான் நமக்கு வாய்த்த நிலவறை. உரம் கூடாது. தூங்குகிறவனை எழுப்பி பிரியாணி ஊட்டினால் அவனுக்கு என்ன ஆகுமோ, அது ஆகும். தண்ணீர் ஊற்றுமுன் மண்ணில் விரலைவிட்டு இரண்டாம் கணு வரை பார்க்க வேண்டும். ஈரம் தட்டுப்பட்டால் பூவாளியை வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். வெயிலில் வாடி நிற்கிற செடியைப் பார்த்து அப்படித் திரும்புவது தமிழனுக்குக் கஷ்டம். நம் வீட்டில் யார் வாடினாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துத்தான் பழக்கம். ஆனால் ஜெரேனியம் சூட்டில் சுருண்டு நிற்கும்போது வேர் வேலை செய்வதில்லை. அப்போது ஊற்றுகிற தண்ணீர் அங்கேயே தேங்கி, தண்டின் அடிப்பாகம் தார் பூசியதுபோல் கறுத்து, செடி சாய்ந்துவிடும். வெயிலில் செத்த ஜெரேனியங்களைவிட அன்பில் செத்தவை அதிகம்.

சூட்டுக்கு ஒரு நாட்டுவைத்தியம் கண்டுபிடித்தேன். மண்தொட்டியை அதைவிடப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இரண்டுக்கும் நடுவில் மணல் நிரப்பி, அந்த மணலை மட்டும் நனைத்துவைப்பது. பானைத் தண்ணீர் சில்லென்று ஆவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான்: வெளிப்பக்கம் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடும். காற்றில் ஈரம் குறைந்த ஊரில்தான் இது நன்றாக வேலை செய்யும். சித்திரை மாத ஆம்பூர்க் காற்றில் ஈரம் என்கிற பேச்சே இல்லை. சென்னைக்காரர்கள் தங்களுக்குக் கடற்காற்று இருக்கிறது என்று பெருமைப்படுகிறார்களே, இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் ஜெயித்தோம்.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தண்ணீர் சாதாரணத் தண்ணீர் இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போய்வந்த தண்ணீர். கெடாமல் இருக்கப் பச்சைத்தோலில் உப்பை அள்ளிப் பூசுவார்கள். டேனரியில் அதை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பெல்லாம் கழிவுநீரோடு இறங்கும். பதனிடுகிற குரோமியம் தனி. இவை பாலாற்றிலும் கிணறுகளிலும் சேர்ந்ததால் வேலூர் மக்கள் நல மன்றம் வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று சொன்ன அந்தத் தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். மாணவர்கள் பாஸ் செய்துகொண்டிருக்கிறார்கள்; பல கிணறுகள் இன்னும் அரியர்ஸ் வைத்திருக்கின்றன. எங்கள் போர்த் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றினால் சில வாரத்தில் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு படிவு ஏறும். சட்டினிக்குப் போதும்போல் தோன்றும். ஜெரேனியத்துக்கு உப்பு ஆகாது. இலை ஓரம் கருகும். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து அதை ஊற்றுவதுதான் வழி. மழைத்தண்ணீர் தீர்ந்துவிட்டால் காவிரிக் கூட்டுக்குடிநீர் வருகிற அன்று ஒரு குடத்தை யாருக்கும் தெரியாமல் மாடிக்குக் கடத்த வேண்டும். "காவிரித் தண்ணிக்கு ரெண்டு மாநிலம் சண்டை போடுது. நீங்க பார்க்க மட்டும் பூக்கிற செடிக்கு ஊத்துறீங்க" என்பாள் மனைவி. கர்நாடகத்தின் தரப்பை இத்தனை அழுத்தமாக வேறு யாரும் வாதிட்டுக் கேட்டதில்லை.

இத்தனை செய்தும் மாடிப்படி நிலவறையில் கொஞ்சம்தான் தப்பிக்கும். மேமாத ராத்திரிதான் இடைஞ்சல். பகல் சூட்டையாவது நிழலால் ஏமாற்றலாம். ராத்திரியும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் செடிக்கு மூச்சுவிட நேரமே இல்லை. அப்போதுதான் வெள்ளைக்காரனின் பழக்கம் நினைவுக்கு வந்தது. சென்னை மாகாண அரசாங்கமே கோடையானால் கோப்பு, குமாஸ்தா எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போய்விடும். கவர்னருக்கு ஊட்டி என்றால் ஜெரேனியத்துக்கு ஏலகிரி.

ஏலகிரி எங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூரும் ஏலகிரியும் ஒரே திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் வந்துவிட்டதால் சொந்த மாவட்டத்து மலை என்கிற உரிமையும் உண்டு. உயரம் 1,100 மீட்டர் சொச்சம். ஆம்பூரைவிட ஐந்து டிகிரியாவது குறையும். அத்தனாவூரில் என் மைத்துனர் வீடு இருக்கிறது. பங்குனி கடைசியில் தேறக்கூடிய தொட்டிகளைப் பையில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"இன்னா சார் இது?" என்றார் கண்டக்டர்.

"செடி."

"மலை மேல இல்லாத செடியா?"

"இது கீழே வெயில் தாங்காது. கோடை முடியற வரைக்கும் மேலே இருக்கட்டும்னு…"

அவர் பஸ் முழுவதையும் ஒரு தடவை பார்த்தார். கம்பியில் தொங்கிக்கொண்டு, கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு நாற்பது பேர். "நாங்கல்லாம் எப்ப சார் போய்த் தங்கறது?" என்று கேட்டுவிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தார்.

ஏலகிரி மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். வயிறு புரட்டுகிற நேரத்தில் இலக்கியம் நினைவுக்கு வரட்டும் என்கிற ஏற்பாடு. பாரி வளைவில் பஸ் திரும்பும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. படர இடமில்லாத முல்லைக்குத் தேரைக் கொடுத்தவன் அவன். நானும் ஒரு செடிக்காக அரசுப் பேருந்தில் இரண்டு சீட்டைக் கொடுத்திருக்கிறேன். வித்தியாசம் ஒன்றுதான்: பாரி தேரை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனபோது மனைவி என்ன சொன்னாள் என்பது பதிவாகவில்லை.

மைத்துனர் தொட்டிகளை வாங்கித் திண்ணையில் வைத்தார். "மாமா, இது எங்க ஊர்ல வேலியோரம் வச்சாலே வருமே" என்றார். மலைக்காரர்களுக்கு அடக்கம் போதாது. அங்கே அந்தச் செடிகள் சித்திரை வெயிலில் அசட்டையாக இலைவிட்டன. ஆவணியில் போய்ப் பார்த்தபோது நான் கொடுத்ததைவிட இரண்டு மடங்கு இருந்தன. பூவும் இருந்தது. கீழே அழைத்துவர எனக்கே கூச்சமாக இருந்தது.

இதெல்லாம் வேலையற்ற மனிதனின் கூத்து என்று நினைப்பவர்களுக்காக ஒரு தகவல். லக்னோவில் இருக்கும் சிமாப் என்கிற மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகளுக்கும் இதே கவலைதான். எண்ணெய்க்காக வாசனை ஜெரேனியத்தைச் சமவெளியில் பயிரிட்டால் வடக்கே மழைக்காலத்தில் தாய்ச்செடிகள் அழுகிவிடும். அடுத்த பருவத்துக்குக் குச்சி வெட்டச் செடியே இருக்காது. அவர்கள் செலவு குறைந்த பாலித்தீன் குடில் ஒன்றை அமைத்து, அதற்குள் தாய்ச்செடியை மழை தாண்டவைக்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். முன்பு ஒரு செடிக்கு ஏறத்தாழ 35 ரூபாய் ஆன செலவு 2 ரூபாய்க்கு இறங்கியது என்கிறார்கள். ஜெர்மனியில் பனி, லக்னோவில் மழை, ஆம்பூரில் வெயில். வில்லன் ஊருக்கு ஊர் மாறுகிறான், திரைக்கதை ஒன்றுதான். இந்தச் செய்தியை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "அவங்களுக்குச் செடிக்கு ரெண்டு ரூபா. உங்களுக்கு?" என்றாள். பஸ் டிக்கெட், லக்கேஜ், மைத்துனர் குழந்தைகளுக்கு வாங்கிப்போன பிஸ்கட் எல்லாவற்றையும் அவளே கூட்டி வைத்திருந்தாள். பொதுமக்கள் நலன் கருதி அந்தத் தொகை இங்கே வெளியிடப்படவில்லை.

கடைசியில் நான் கண்ட மிகச் சிறந்த ஏற்பாடு நிலவறையும் இல்லை, மலையும் இல்லை. தானம். புரட்டாசியில் வெட்டுகிற குச்சிகளை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவது. கேட்காதவர்களுக்கும் கொடுத்துவிடுவது. பாய்க்கு வாசனை ரகம். எதிர்வீட்டு டீச்சருக்குச் சிவப்பு. டீக்கடைக்காரருக்கு ரோஸ், அவர் அதை பாய்லர் பக்கத்தில் வைத்ததால் அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. பார்க்கிறவர்கள் பெரிய மனசு என்பார்கள். உண்மையில் அது இன்ஷூரன்ஸ். ஒரே செடி பத்து வீட்டில் இருந்தால் எந்தச் சித்திரையும் பத்து வீட்டிலும் ஒரே நேரத்தில் ஜெயிக்க முடியாது.

பிரீமியம் கட்டிய பாலிசிக்குப் பலன் கேட்கிற நாளும் வந்தது. போன வைகாசியில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு நாங்கள் வெளியூர் போயிருந்தபோது, யாரும் அழைக்காத கோடைமழை ஒன்று இடியோடும் காற்றோடும் வந்து, மாடிப்படி நிலவறை வரை சாரல் அடித்து, அடுத்த நாள் 105 டிகிரி வெயிலும் காய்ந்துவிட்டது. திரும்பி வந்தபோது வாசனை ரகத்தின் தண்டுகளெல்லாம் அடியில் கறுத்துத் தலைசாய்ந்திருந்தன. நேராக பாய் வீட்டு மாடிக்குப் போனேன். அங்கே, நான் கொடுத்த குச்சி, பழைய பிரியாணி டேக்சாவின் அடியில் ஓட்டை போட்டு, வேப்பமர நிழலில், இடுப்புயரம் நின்றது. பாய் ஒரு கிளையை ஒடித்து, கீழிலைகளைக் கிள்ளி, வெட்டுவாயை ஊதிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

"ஒரு ராத்திரி காயவிட்டு நடுங்க சார். தண்ணி மட்டும் ஜாஸ்தி ஊத்திடாதீங்க" என்றார். "புதுசா வளக்கறவங்க எல்லாரும் அதுலதான் கெடுக்கறாங்க."